கரையைக் காக்கும் புல்

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில் செசபீக் என்னும் பெரிய விரிகுடா உள்ளது. அதன் நடுவே ஹாலந்து தீவு என்ற ஒரு சிறிய தீவு இருந்தது. 1910ஆம் ஆண்டளவில் முந்நூறுக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்ந்தனர். வீடுகள், பள்ளிக்கூடம், தேவாலயம், கடைகள் என ஓர் ஊருக்கு வேண்டிய எல்லாமே அங்கு இருந்தன. மீனும் நண்டும் சிப்பியும் பிடிப்பதே மக்களின் தொழில். ஆனால், அவர்களின் கரை மட்டும் நிலைத்து நிற்கவில்லை. மண்ணும் களிமண்ணும் சேர்ந்த அந்தத் தீவை அலைகள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தன. 1920களின் தொடக்கத்திற்குள் மக்கள் வெளியேறிவிட்டனர். சிலர் தங்கள் மரவீடுகளைப் பிரித்துப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெருநிலத்தில் மீண்டும் கட்டிக்கொண்டனர்.

இறுதியில் 1888இல் கட்டப்பட்ட ஒரே ஒரு வீடு மட்டும் எஞ்சியது. 1990களில் ஒருவர் அந்த இடத்தை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர் கடலோடு போராடினார். மரத்தடுப்புகளை அமைத்தார், மணல் மூட்டைகளை அடுக்கினார், பழைய தோணி ஒன்றைக்கூடக் கரையருகே மூழ்க வைத்துப் பார்த்தார். 2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்த வீடு நீரில் சரிந்தது. நாளிதழ்களில் வெளியான படத்தில், நாற்புறமும் நீர் சூழ, இரண்டு மாடி வீடு ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

அந்தத் தீவு ஒரு தனிக்கதை அன்று. செசபீக் விரிகுடாவின் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஆனால், அதில் வந்து கலக்கும் ஆறுகள், ஓடைகள், சிற்றோடைகள் ஆகியவற்றின் கரைகளையும் சேர்த்து அளந்தால் கரையின் நீளம் 18,000 கிலோமீட்டரைத் தாண்டும். இந்தக் கரையில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. வீட்டின் பின்புறம் புல்வெளி, அதற்கப்பால் நீர், படகு கட்ட ஒரு சிறு துறை. இப்படிப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கரை அரிக்கும்போது அங்கே குறைவது ஒருவருடைய சொந்த நிலம். ஆகவே, ‘என் நிலத்தை எப்படிக் காப்பது?’ என்ற கேள்வி மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில் ஒவ்வொரு குடும்பத்தின் கேள்வியாகவும் இருக்கிறது.

நிலம் ஏன் குறைகிறது?

கடற்கரை அரிப்பு இயற்கையான ஒன்றுதான். அலை மண்ணை எடுத்துச் செல்வதும் வேறிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் காலங்காலமாக நடப்பவை. செசபீக்கில் அதனோடு வேறு இரண்டு காரணங்களும் சேர்ந்துகொண்டன. ஒன்று, உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்து வருவது. மற்றொன்று சற்று வியப்பானது. அங்கே நிலமே தாழ்ந்து வருகிறது.

பனியூழிக் காலத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியைப் பெரும் பனிப்பாளம் மூடியிருந்தது. அதன் எடையால் அடியிலிருந்த நிலம் அமிழ்ந்தது. பனிக்கு வெளியே இருந்த நிலம் சற்றே மேலெழுந்தது. மெத்தையின் ஓர் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்து இடம் சற்று உப்புவதைப் போன்றது அது. பனி உருகி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும், மேலெழுந்த நிலம் இன்னும் மெல்ல மெல்லக் கீழிறங்கிக்கொண்டே இருக்கிறது. செசபீக் அந்தப் பகுதியில்தான் உள்ளது. நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சுவதும் சில இடங்களில் நிலம் தாழ்வதற்குக் காரணமாகிறது. கடல் உயர, நிலம் தாழ, 20ஆம் நூற்றாண்டில் மட்டும் அங்கே நீர்மட்டம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயர்ந்தது. சரிவே இல்லாத தட்டையான நிலத்தில் 30 சென்டிமீட்டர் என்பது பெரிய அளவு.

சுவர் எழுப்பியவர்கள்

நிலம் கரைவதைக் கண்ட ஒருவர் முதலில் என்ன செய்வார்? சுவர் எழுப்புவார். மரப்பலகையாலோ இரும்புத் தகட்டாலோ கான்கிரீட்டாலோ கரையோரம் நேராக ஒரு தடுப்புச்சுவர். அல்லது, கரைச் சரிவின்மேல் பெரிய பாறைகளைக் கொட்டி அடுக்குவார். அமெரிக்காவில் பல தலைமுறைகளாக இதுவே வழக்கம். அந்நாட்டின் தொடர்நிலப் பகுதிக் கடற்கரையில் ஏறத்தாழ 14 விழுக்காடு, அதாவது 22,000 கிலோமீட்டருக்கும் மேல், இத்தகைய கட்டுமானங்களால் மூடப்பட்டுவிட்டதாக 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

சுவர் கட்டியவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. கட்டி முடித்த அன்றே கரை நின்றுவிட்டதைப் போலத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் கட்டியிருக்கிறார். ஒப்பந்தக்காரருக்கும் அதுதான் பழக்கமான வேலை. இத்தனை இருக்கும்போது வேறு வழியைத் தேட ஒருவருக்கு என்ன தேவை இருக்கிறது?

தேவை சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். சரிவான கரையில் ஏறும் அலை, ஏற ஏறத் தன் வலிமையை இழந்துவிடுகிறது. செங்குத்தான சுவரில் மோதும் அலைக்கு அந்த வாய்ப்பில்லை. மோதிய வேகத்திலேயே அது திரும்புகிறது. திரும்பும்போது சுவரின் அடியிலுள்ள மணலைத் தோண்டி எடுத்துச் செல்கிறது. நாளடைவில் சுவருக்கு முன்னிருந்த சிறு மணற்பரப்பு மறைந்து, அங்கே நீர் ஆழமாகிறது. ஆழமான நீரில் அலை இன்னும் பெரிதாகக் கிளம்பிச் சுவரை இன்னும் பலமாகத் தாக்குகிறது. அடிமண் போன சுவர் முன்புறமாகச் சாயத் தொடங்குகிறது. புயல் வந்தால் நீர் சுவரைத் தாண்டி உள்ளே விழுந்து, பின்புற மண்ணையும் அரித்துவிடுகிறது.

சுவரின் ஓரங்களில் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. சுவரால் திருப்பப்பட்ட அலை அது முடியும் இடத்தில் வளைந்து, சுவர் இல்லாத பக்கத்து நிலத்தைக் கடிக்கிறது. மேலும், முன்பு அரிக்கப்பட்ட மண் கரையோரமாக நகர்ந்து அண்டை நிலத்துக்கு மணலாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. சுவர் அந்த வரவையும் நிறுத்திவிடுகிறது. ஆகவே, ஒருவர் சுவர் கட்டினால் அடுத்தவரும் கட்ட வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. ஒரு தெருவில் ஒரு வீட்டுக்காரர் தம் வாசலில் தேங்கிய மழைநீரை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளிவிடுவதைப் போன்ற செயல் அது, அவர் அப்படி நினைத்துச் செய்யாவிட்டாலும்.

உயிரினங்களும் இடத்தை இழக்கின்றன. நீருக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள சேற்றுப் பகுதியில்தான் நீல நண்டின் குஞ்சுகளும் சிறு மீன்களும் ஒளிந்து வளர்கின்றன. மணற்கரையில்தான் ஆமைகளும் குதிரைலாட நண்டுகளும் முட்டையிடுகின்றன. மலேசியாவில் ‘பெலாங்காஸ்’ என்று நாம் அறிந்திருக்கும் விலங்கின் உறவினம்தான் அங்குள்ள குதிரைலாட நண்டு. செங்குத்தான சுவரில் அதனால் ஏற முடியாது.

உயிர்க்கரை என்றால் என்ன?

சுவருக்கு மாற்றாக அங்கே பரவிவரும் முறைக்கு ‘உயிருள்ள கரை’ என்று பெயர். சுருக்கமாக நாம் உயிர்க்கரை என்று சொல்லலாம். செடி, மணல், சிப்பி, கொஞ்சம் கல் ஆகியவற்றைக் கொண்டு கரையை அமைத்து, அலையின் வலிமையைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே இதன் அடிப்படை. அலையை ஒரே இடத்தில் எதிர்த்து நிறுத்த இது முயல்வதில்லை.

இதில் முதன்மையான வேலையைச் செய்வது ஒரு புல். ஸ்பார்ட்டினா என்னும் உப்புநீர்ப் புல் வகை செசபீக்கின் சேற்றுக்கரைகளில் இயற்கையாகவே வளர்கிறது. கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். பெரும்பாலான செடிகளின் வேரில் உப்புநீர் பட்டால் அவை வாடிவிடும். இந்தப் புல்லோ ஒவ்வொரு நாளும் உப்புநீரில் பாதி மூழ்கி எழுந்து வாழக்கூடியது. மிகுதியான உப்பைத் தன் இலைகளின் வழியாக வெளியேற்றிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. வெயில் நேரத்தில் அதன் இலையைத் தடவிப் பார்த்தால் உப்புப் பொடி விரலில் ஒட்டும்.

அலை இந்தப் புற்களுக்கிடையே நுழையும்போது ஆயிரக்கணக்கான தண்டுகள் அதைத் தடுக்கின்றன. ஒவ்வொரு தண்டும் செய்யும் தடை மிகச் சிறியது. ஆனால், செசபீக்கில் 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட அளவீடுகளின்படி, சிறிய அலைகளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் புல்வெளியின் முதல் 2.5 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வேகம் குறைந்த நீரால் மண்ணைச் சுமக்க முடியாது. கொண்டுவந்த வண்டலை அது புல்லின் அடியிலேயே இறக்கிவிடுகிறது. இதனால் புல்வெளி ஆண்டுதோறும் சிறிது உயர்கிறது. மண்ணுக்கடியில் வேர்கள் வலைபோலப் பின்னி அதைப் பிடித்துக்கொள்கின்றன. கட்டி முடித்த நாள்முதல் சுவரின் வலிமை குறைந்துகொண்டே போகும். இந்தக் கரையின் வலிமையோ வேர் பிடிக்கப் பிடிக்கக் கூடுகிறது.

இந்த எண்ணம் புதியது அன்று. எட்கர் கார்பிஷ் என்ற வேதியியல் அறிஞர் தம் பேராசிரியர் பணியை விட்டுவிட்டு, மேரிலாந்தில் செயின்ட் மைக்கேல்ஸ் என்னும் சிற்றூரில் 1972ஆம் ஆண்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார். சேற்றுக்கரைப் புற்களை நாற்றங்காலில் வளர்த்து, அரிக்கப்பட்ட கரைகளில் நட்டுக் காட்டினார். நெல் நடுவதைப் போலச் சதுப்பு நிலத்தையும் நட்டு உருவாக்கலாம் என்று அவர் காட்டியது அக்காலத்தில் பலருக்குப் புதுமையாக இருந்தது.

புல் மட்டும் போதுமா? அலை மெலிதாக இருக்கும் சிற்றோடைகளில் போதும். சற்று வலிய அலை வரும் இடங்களில் இளம்புல் வேர் பிடிப்பதற்குள் அடித்துச் செல்லப்படும். அதற்கு முதலில் ஒரு துணை வேண்டும். அங்கேதான் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருள் வந்து சேர்கிறது.

அது தேங்காய் நார். நாரை இறுக்கிச் சுருட்டி, நார்க்கயிற்று வலைக்குள் அடைத்து, தூண் பருமனில் நீண்ட உருளைகளாகச் செய்கிறார்கள். கரையின் கீழ்விளிம்பில் அவற்றைக் கிடத்தி, முளைக்குச்சிகளை அடித்துக் கட்டிவிடுகிறார்கள். உருளை அலையைத் தாங்குகிறது. அதன் பின்னால் புல் வேர் பிடிக்கிறது. சில ஆண்டுகளில் நார் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். அதற்குள் வேர்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும். உப்புநீரில் எளிதில் மக்காமல் இத்தனை ஆண்டுகள் தாங்கும் தாவர நார்கள் குறைவு. செசபீக்கில் தென்னை வளராது. அங்கு இடப்படும் நார் உருளைகள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வருகின்றன. இந்த நாரை ஆங்கிலத்தில் ‘காயர்’ என்பார்கள். அது மலையாளத்தின் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். நம்முடைய ‘கயிறு’ என்னும் சொல்லின் உறவுதான்.

அலை இன்னும் வலிமையாக உள்ள இடங்களில் கரைக்குச் சற்று முன்னால், நீருக்குள், தாழ்வான கல்வரம்பு ஒன்றை அமைக்கிறார்கள். அதன் உயரம் உயர் ஓத மட்டத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். சுவரைப் போலத் தொடர்ச்சியாக இல்லாமல் ஆங்காங்கே இடைவெளி விடப்படும். மீனும் நண்டும் ஆமையும் வந்து போக அவையே வாசல். வரம்புக்கும் கரைக்கும் இடையே மணலை நிரப்பி மென்சரிவாக்கிப் புல் நடுகிறார்கள்.

சில இடங்களில் கல்லுக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளைப் பயன்படுத்துகிறார்கள். உணவகங்களில் எஞ்சிய ஓடுகளைச் சேர்த்துப் பைகளில் நிரப்பி அடுக்குவார்கள். நீரில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளக் கடினமான பரப்பைத் தேடும். பழைய ஓடுகளே அவற்றுக்கு மிகவும் ஏற்றவை. ஒட்டிய குஞ்சுகள் வளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகி, தாமாகவே உயரும் வரம்பாக மாறும். வளர்ந்த சிப்பி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 190 லிட்டர் நீர்வரை வடிகட்டக்கூடும். ஆகவே, கரையைக் காக்கும் வரம்பு நீரையும் தெளிவாக்குகிறது.

வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள்

ஓர் ஓடையின் முகப்பில் வீடு வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய புல்வெளியின் விளிம்பு ஆண்டுக்கு ஓரடி குறைகிறது. ஆலோசனை கூற வரும் வல்லுநர் நாற்றுகளைக் கையோடு எடுத்து வருவதில்லை. முதலில் அவர் கரையில் நின்று எதிரே பார்க்கிறார். எதிர்க்கரை எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

இதுதான் எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி. காற்று தடையின்றி நீரின்மேல் வீசும் தூரம் கூடக் கூட அலை பெரிதாகும். எதிர்க்கரை சில நூறு மீட்டரில் இருந்தால் புல்லும் நார் உருளையும் போதும். ஓரிரு கிலோமீட்டர் என்றால் கல்வரம்பு தேவைப்படலாம். திறந்த விரிகுடாவையோ பெருங்கடலையோ நோக்கிய கரை என்றால், புல்லை நம்பி இறங்குவது வீண். அங்கே பெரிய அலைதடுப்புகள் வேண்டும். சில இடங்களில் பாறைச் சரிவைத் தவிர வேறு வழியே இல்லாமலும் போகலாம். ஹாலந்து தீவு விரிகுடாவின் நடுவே இருந்தது. புல் நட்டிருந்தால் அது பிழைத்திருக்கும் என்று யாரும் உறுதி கூற மாட்டார்கள்.

அடுத்து அவர் அண்ணாந்து பார்க்கிறார். கரையோர மரங்களின் நிழல் எவ்வளவு? இந்தப் புல்லுக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஆறு மணிநேர வெயில் வேண்டும். தாழ்ந்த கிளைகள் சிலவற்றை வெட்டினால் போதும் என்ற நிலையும் உண்டு. பிறகு, விசைப்படகுகள் எத்தனை அவ்வழியே போகின்றன? காற்று இல்லாத நாளிலும் படகு கிளப்பும் அலை கரையைத் தாக்கும். கரைமேடு எவ்வளவு உயரம்? அரிப்புக்குக் காரணம் அலைதானா, அல்லது வீட்டுக் கூரையிலிருந்து வழியும் மழைநீரா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. மேலிருந்து வரும் நீரைத் திருப்பிவிடாமல் கீழே எத்தனை ஆயிரம் நாற்று நட்டும் பயனில்லை.

எல்லாம் பொருந்தி வந்தால் வேலை தொடங்கும். செங்குத்தாக வெட்டுண்ட கரையைச் சீவி மென்சரிவாக்குகிறார்கள். பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயர்வு என்ற அளவு பொதுவாக விரும்பப்படுகிறது. நாள்தோறும் நீர் ஏறும் கீழ்ப்பகுதிக்கு ஒரு புல், எப்போதாவது நீர் எட்டும் மேற்பகுதிக்கு அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு புல், அதற்கும் மேலே புதர்கள் என்று மூன்று அடுக்குகள். நடவு இளவேனிற் பருவத்தில் நடக்கும். அப்போது நட்டால் குளிர்காலம் வருவதற்குள் வேர் ஊன்றிவிடும். சுவர் கட்டுவதைப் போல் அல்லாமல், இந்த வேலையில் பெரும்பகுதியை வீட்டிலுள்ளவர்களே அக்கம்பக்கத்தார் துணையோடு சேற்றில் இறங்கிச் செய்துவிடலாம்.

நட்ட பிறகு எதிர்பாராத ஒரு பகை வந்து இறங்கும். கனடா வாத்துகள்! இளம்புல் என்றால் அவற்றுக்கு விருந்து. ஒரு கூட்டம் இறங்கினால் சில நாள்களில் நாற்றங்கால் வெறுமையாகிவிடும். ஆகவே, குச்சிகளை நட்டு நூல் கட்டி வேலி போடுகிறார்கள். வாத்துகள் தாழ்வாகப் பறந்து இறங்கவும் நீந்தி ஏறவும் இடமின்றிப் போகும். கோடிக்கணக்கான வெள்ளியைக் கட்டுமானத்தில் செலவிடும் பொறியியல் துறையில், நூலும் குச்சியும் இவ்வளவு முக்கியமாக இருக்கும் இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

முதல் சில ஆண்டுகள் கவனிப்பு தேவை. அலை கொண்டுவந்து குவிக்கும் குப்பை புல்லை அமுக்கிக் கொன்றுவிடும். அதை அகற்ற வேண்டும். பட்டுப்போன நாற்றுகளுக்குப் பதிலாகப் புதியவற்றை நட வேண்டும். அயலிலிருந்து வந்து பரவும் நாணல் இனம் ஒன்று இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு உயிர்க்கரை பொருந்தாது என்றே சொல்லலாம்.

புயல் வைத்த சோதனை

‘அமைதியான நாளில் புல் தாங்கும். புயல் வந்தால்?’ என்று வீட்டுக்காரர்கள் கேட்பது இயல்பு. நல்ல கேள்வியும்கூட. அதற்கு ஒரு விடை 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிடைத்தது. செசபீக்குக்குத் தெற்கே உள்ள வட கரோலினா மாநிலத்தை ஐரீன் என்னும் சூறாவளி தாக்கியது. புயலுக்கு முன்பே சில சேற்றுக்கரைகளின் உயரத்தையும் புல்லின் அடர்த்தியையும் ஆய்வாளர்கள் அளந்து வைத்திருந்தார்கள். புயலுக்குப் பின் மீண்டும் சென்று அளந்தார்கள். கரையோரக் கட்டுமானங்களின் சேதத்தையும் கணக்கெடுத்தார்கள்.

முடிவுகள் 2014இல் வெளியாயின. காற்று மிகக் கடுமையாக வீசிய பகுதியில், பார்வையிட்ட தடுப்புச்சுவர்களில் 76 விழுக்காடு சேதமடைந்திருந்தன. புயல் கரையேறிய இடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருந்த சேற்றுக்கரைகளிலோ மண்ணின் உயரம் குறையவே இல்லை. கல்வரம்பு இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் அதே நிலைதான். புற்களின் அடர்த்தி குறைந்திருந்தது உண்மை. ஆனால், ஓராண்டுக்குள் அவை மீண்டும் பழையபடி செழித்துவிட்டன. உடைந்த சுவரைச் சரிசெய்ய உரிமையாளர் பணம் கொடுத்தாக வேண்டும். புல் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. ஐரீன் அங்கே கரையேறியபோது முதல் நிலைச் சூறாவளி என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதைவிடக் கடுமையான புயல்களுக்கும் இதே விடை பொருந்தும் என்று அந்த ஆய்வு கூறவில்லை.

சட்டம் எங்கே வருகிறது?

என் நிலத்தில் நான் விரும்பியதைக் கட்டுவேன் என்று ஒருவர் சொன்னால் அதில் தவறென்ன? நிலம் அவருடையதுதான். ஆனால், நிலத்தை ஒட்டிய நீரும் அதிலுள்ள மீனும் எல்லாருக்கும் பொதுவானவை. சுவரால் அடுத்த வீட்டு மண்ணும் போகிறது. இந்த இரண்டு உரிமைகளும் மோதும் இடத்தில் மேரிலாந்து மாநிலம் 2008இல் ஒரு சட்டத்தை இயற்றியது. கரையைக் காக்க விரும்புபவர் முதலில் உயிர்க்கரை முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். அது தம் இடத்துக்குப் பொருந்தாது என்று காட்டினால்தான் கட்டுமானத்துக்கு விலக்கு கிடைக்கும் என்கிறது அச்சட்டம். வர்ஜீனியா முதலில் 2011இல் இம்முறையை ஊக்குவித்தது; 2020இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, அறிவியல் அடிப்படையில் பொருந்தாது என்று தெரிந்தாலன்றி உயிர்க்கரைக்கே அனுமதி என்று விதித்தது.

இவ்விதியில் பாராட்டத்தக்க ஒன்று, மெய்ப்பிக்கும் பொறுப்பை அது இடம் மாற்றி வைத்ததுதான். முன்பு புல் நட விரும்பியவர்தான் பல அலுவலகங்களுக்கு அலைந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சுவருக்கு அனுமதி எளிதாகக் கிடைத்தது. இப்போது சுவர் வேண்டும் என்பவர் காரணம் காட்ட வேண்டும். ஆனால், சட்டம் மட்டும் கரையை அமைத்துவிடாது. எந்தக் கரைக்கு எது பொருந்தும் என்று சொல்ல ஆள் வேண்டும். வர்ஜீனியா கடல் அறிவியல் கழகம் போன்ற நிறுவனங்கள் கரைகளை ஆராய்ந்து, வரைபடங்களாக்கி, உரிமையாளர்களுக்கும் உள்ளூர் வாரியங்களுக்கும் ஆலோசனை வழங்குகின்றன.

நம் கரைகளில்

வெப்பமண்டலக் கடற்கரையில் ஸ்பார்ட்டினா புல்லின் வேலையைச் சதுப்புநிலக் காடுகள் செய்கின்றன. தமிழில் அவற்றுக்கு அலையாத்திக் காடு என்றும் பெயர் உண்டு. அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது, என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இந்த மரங்களின் வேலையை நம் முன்னோர் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடலோரப் பகுதி பெரும்பாலும் அரசின் பொறுப்பில் இருப்பதால், இங்கே இந்தக் கேள்வி தனி வீட்டுக்காரரிடம் அவ்வளவாக வருவதில்லை. ஆனால், சிக்கல் அதே சிக்கல்தான். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் மலேசிய அரசு கடலோரங்களில் சதுப்புநில மரங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியது. நட்டவை எல்லாம் பிழைக்கவில்லை. அலை வலிமையாக உள்ள இடத்தில் கன்றுகளை நட்டால், வேர் ஊன்றுவதற்குள் கடல் அவற்றைக் கொண்டு போய்விடும். செசபீக்கில் எதிர்க்கரையின் தொலைவைப் பார்க்கச் சொன்ன அதே கேள்விதான் இங்கும் எழுகிறது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான ஜொகூர் தஞ்சோங் பியாயில், கப்பல் அலைகளும் காற்றும் சேர்ந்து மரங்களை வேரோடு சாய்த்தன. அங்கே கரைக்கு முன்னால் அலைதடுப்புகளை அமைத்து, அவற்றின் பின்னே உள்ள காட்டைக் காக்க முயன்று வருகிறார்கள்.

சிங்கப்பூரின் தேக்கோங் தீவில் கல்லும் மரமும் கைகோத்திருப்பதைக் காணலாம். அத்தீவின் வடகிழக்குக் கரையில் சதுப்புநில மரங்கள் ஒவ்வொன்றாகக் கடலில் சாய்ந்துகொண்டிருந்தன. தேசியப் பூங்காக் கழகம் அங்கே கான்கிரீட் சுவரை எழுப்பவில்லை. கரையோரம் பாறைகளை அடுக்கி, அவற்றுக்கிடையே மக்கிப்போகும் பைகளில் சேற்றை நிரப்பி, அதில் சதுப்புநிலக் கன்றுகளை நட்டது. பாறை முதலில் அலையைத் தாங்கியது. பை மக்கியது. கன்றுகள் வேரைப் பாறைகளுக்கிடையே இறக்கிக்கொண்டு, இப்போது மரங்களாக நிற்கின்றன.